வீசல் மண்டைக்குள் சிவப்புப் புழு: கேள்வி பதில்

போன வாரம் காட்டிய ஸ்டோட் (வீசலுக்கு நெருங்கிய சொந்தமான, ஒல்லி உடம்புச் சிறு வேட்டை விலங்கு) மண்டையோட்டில், கண்ணுக்கு மேலே ஏன் ஓட்டை என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். வந்ததில் சிலவற்றுக்குப் பதில்.

அண்ணா, ஸ்டோட், வீசல் எல்லாம் நம்ம ஊர் கீரிதானே?

இல்லை தம்பி. கீரி வேறு குடும்பம். அகராதி வீசலுக்கு 'மரநாய்' என்று போடும். நமக்கோ மரநாய் என்றால் ராத்திரி கூரையில் ஓடுவது. இவற்றுக்கு நம் பக்கத்துச் சொந்தம் என்றால் நீர்நாயும் நீலகிரி கறுவெருகும்.

அந்த ஓட்டை துப்பாக்கிக் குண்டு பட்டதா சார்?

குண்டு இல்லை, உருளைப்புழு. பெயர் ஸ்க்ர்யாபிங்கிலஸ் நாசிகோலா. நாசிகோலா என்றால் மூக்கில் குடியிருப்பது. நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் சிவப்பு நூலைச் சுருட்டி வைத்ததுபோல் கிடக்கும். பெண் புழு இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும். அந்த மண்டையோடே என் பெருவிரல் நீளம்தான், இடத்துக்கு எங்கே போகும்? எலும்பு உப்பி, கறுத்து, மெலிந்து கடைசியில் சல்லடைபோல் ஓட்டையாகிவிடும். விளக்குக்கு நேரே பிடித்தால் நன்றாகத் தெரியும்.

மூக்கு வழியாகவே உள்ளே ஏறுமா?

அப்படி நேர்வழியில் போனால் நான் ஏன் இதைப் பற்றி இவ்வளவு பேசப்போகிறேன்! குஞ்சுப்புழு மூக்குச் சளியோடு விழுங்கப்பட்டு எச்சத்தில் வெளியேறும். நத்தையோ ஓடில்லா நத்தையோ அந்த எச்சத்தின்மேல் ஊர்ந்தால், புழு அதன் பாதத்தைத் துளைத்து உள்ளே போய் வளரும். ஆனால் வீசல் நத்தையை அவ்வளவாகத் தொடாது. நத்தையைத் தின்னும் மூஞ்சூறு, காட்டெலி உடம்பில் புழு வளராமல் சுருண்டு காத்திருக்கும். அதை வீசல் பிடித்துத் தின்றதும் குடலிலிருந்து தண்டுவடம், அதன் வழியே மூளை, பிறகு மோப்ப நரம்பைப் பிடித்துக்கொண்டு மூக்கறை. மூளையைத் தாண்டி மூக்குக்கு வருகிறது, பாருங்கள்.

நியூசிலாந்திலும் உண்டா?

உண்டு. முயலை ஒழிக்க 1880களில் பிரிட்டனிலிருந்து ஸ்டோட்டைக் கப்பலேற்றினார்கள், புழுவும் கூடவே போய்விட்டது. மூஞ்சூறே இல்லாத நாட்டிலும் பிழைத்துக்கொண்டது.

ஸ்டோட் வெறிபிடித்ததுபோல் சுழன்று ஆடுவது இந்தப் புழுவாலா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. விலங்கியலாளர் கரோலின் கிங் பிரிட்டன் வீசல்களை ஒப்பிட்டபோது, புழு உள்ளதற்கும் இல்லாததற்கும் உடல் அளவில் வித்தியாசம் தெரியவில்லை. மண்டை அரித்துப்போயும் கொழுகொழுவென்று திரிந்தவை இருக்கின்றன.

மனிதருக்கு வருமா மேடம்?

(மேடம் இல்லை, சார்.) இது வீசல் குடும்பத்துப் புழு, பயப்படாதீர்கள். ஆனாலும் செத்த விலங்கைத் தொட்டால் கையுறை போடுங்கள்.

மியூசியத்தில் ஓட்டை விழுந்த மண்டையோடுகளை எண்ணியே எத்தனை விலங்குக்குத் தொற்று என்று சொல்லிவிடலாமா?

குறைவாகத்தான் வரும். புதிதாகத் தொற்றியது எலும்பில் தடம் விட்டிருக்காது. சுத்தம் செய்யக் கொதிக்க வைத்தால் புழுவும் போயிற்று. சரியாகத் தெரிய வேண்டுமென்றால் வேகவைக்கும் முன்பே நெற்றியறையைத் திறந்து, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக வெளியே இழுத்து எண்ண வேண்டும். அறுந்துவிடும், மெதுவாக இழுங்கள்.