கேள்வி பதில்: பூட்டுக்குள் முறிந்த சாவி

கேள்வி: கடற்கரையை ஒட்டிய தெருவில் வீடு. மொட்டைமாடிக் கதவில் தொங்கும் பித்தளைப் பூட்டில், தாக்கோலை (சாவியை)த் திருப்பும்போதே முறிந்து பாதி உள்ளே நின்றுவிட்டது. பசை தொட்டு ஒட்டி இழுத்தால் வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, குளச்சல்

பதில்: பசை வேண்டவே வேண்டாம். ஃபெவிக்விக் போன்றவை இண்டு இடுக்கெல்லாம் ஓடும். சாவித் துண்டோடு உள்ளே இருக்கும் பின்களும் (சிறு உலோகக் குச்சிகள்) ஒட்டிக்கொண்டால், பிறகு பூட்டை அறுக்கத்தான் வேண்டும்.

முதலில் சாவித் துவாரத்தின் நிலையைப் பாருங்கள். திருப்பும்போது முறிந்ததால் அது கொஞ்சமாவது சாய்ந்திருக்கும். சாவி நுழையும் உருளைக்குள் வரிசையாகச் சில பின்கள். அவற்றை அழுத்தும் ஸ்பிரிங்குகள் இருப்பது பூட்டின் உடம்பில். சாவியைப் போட்ட நிலையில் துவாரம் இருந்தால்தான் பின்கள் பின்வாங்கிச் சாவியின் பல்லுக்கு வழிவிடும். சற்றுச் சாய்ந்திருந்தாலும் பின்களின் தலை உடம்பின் சுவரில் முட்டி நிற்கும். எந்தக் கொறடு போட்டு இழுத்தாலும் துண்டு அசையாது. பலரும் தோற்பது இங்கேதான். ஆகவே, மெல்லிய தட்டை முனைத் திருப்புளியைத் துவாரத்தில் வைத்து, பழைய நிலைக்கு மெதுவாகத் திருப்புங்கள். இறுகியிருந்தால் டபிள்யூடி-40 எனும் எண்ணெய் ஸ்பிரேயின் குழாயைத் துவாரத்தில் வைத்து ஒரு தடவை அடித்து, 15 நிமிடம் விட்டு, பூட்டின் உடம்பை மரக்கட்டையால் லேசாகத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

இதற்கு முன் இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். துண்டு முழு ஆழத்தில், இடம் மாறாமல் இருந்தால் பின்கள் சரியான உயரத்திலேயே நிற்கும். எண்ணெய் ஊறியதும் அதே திருப்புளியால் திறக்கும் பக்கம் திருப்பினால் பூட்டே திறந்துவிடக்கூடும். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்வது எவ்வளவோ வசதி. திறந்த நிலையில் துவாரம் பழைய நிலைக்குத் திரும்ப மறுக்கும் பூட்டுகளும் உண்டு. அவற்றை, கதவில் மாட்டாமல், கொக்கியை அமுக்கி மூடிவிட்டுத் திருப்ப வேண்டும்.

துண்டின் நுனி வெளியே 1 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தாலும் நோஸ் பிளேயர் போதும். உள்ளடங்கிவிட்டால், நகைப்பட்டறையில் பயன்படுத்தும் நூல் போன்ற ரம்ப பிளேடு வாங்குங்கள். அதன் பற்கள் உங்கள் பக்கம் பார்த்திருக்க வேண்டும். விரலால் தடவினால் தெரியும்: உள்ளே தள்ளும் திசையில் வழுக்கும், இழுக்கும் திசையில் கொத்தும். சாவியின் வெட்டுப் பக்கத்தை உரசியபடி உள்ளே விட்டு, துண்டின்மேல் அழுத்தியபடி நேராக இழுங்கள். ஒரே இழுப்பில் வராது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும். பிளேடைத் திருகாதீர்கள், அது படக்கென்று முறியும், முறிந்தால் எடுக்க வேண்டியது இரண்டு துண்டுகளாகிவிடும். காந்தமும் பெரும்பாலும் உதவாது, இந்தச் சாவிகள் பித்தளையில் செய்தவை. கையிலிருக்கும் தலைப்பகுதியைத் துவாரத்தில் விட்டு அழுத்துவதும் கூடாது.

எடுத்த துண்டையும் தலைப்பகுதியையும் பத்திரமாக வையுங்கள். சாவி போடுபவர் இரண்டையும் சேர்த்துவைத்துப் புதுச் சாவி வெட்டித் தருவார். பழைய மாற்றுச் சாவி இருந்தால், அதன் ஆழமான வெட்டில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சாவி பெரும்பாலும் முறிவது அங்கேதான்.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் பித்தளை களிம்பேறும், இரும்பு உறுப்புகள் துருப்பிடிக்கும், பின்கள் ஒட்டிக்கொள்ளும். இறுகிய பூட்டைப் பலம்கொண்டு திருப்பும்போது சாவிதான் விட்டுக்கொடுக்கும். நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது நாளானால் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். பென்சில் கரி கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் சரி. கடலோரத்தில் வேண்டாம், உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் கரி உலோக அரிப்பைத் தூண்டும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சாவியைப் பத்துத் தடவை போட்டு எடுத்துத் துடையுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் நல்லது, இரண்டு மழைக்காலத்திலும் கட்டாயம்.

கேள்வி: கடை ஷட்டரில் திண்டுக்கல் பூட்டு. நீளத் தண்டுச் சாவியின் நாக்கு முறிந்து உள்ளே விழுந்துவிட்டது. மாற்றுச் சாவி இருக்கிறது, போட்டுத் திருப்பலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: துண்டு உள்ளே இருக்கும்வரை திருப்பாதீர்கள். அது லீவர் பூட்டு, அதாவது உள்ளே இருக்கும் லீவர் என்ற தகடுகளைச் சாவி தூக்கித் திறக்கும் வகை. சாவிக்கும் லீவருக்கும் நடுவே துண்டு சிக்கினால் லீவர் வளைந்துவிடும். பிறகு நல்ல சாவிக்கும் திறக்காது. இதில் பின்கள் இல்லாததால், துண்டு பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். துவாரம் தரையைப் பார்க்கும்படி பூட்டைச் சாய்த்து மரக்கட்டையால் தட்டுங்கள். இரும்புச் சாவி என்றால் இங்கே காந்தம் கைகொடுக்கும்: மெல்லிய இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் காந்தத்தில் ஒட்டி, மறுமுனையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். துண்டு வெளியே வந்ததும் மாற்றுச் சாவியைப் போடலாம்.