கீறல் விழுந்த புல்லாங்குழலுக்குத் தற்காலிகக் கட்டு

கோயில் கொடையில் வாசிக்க இரண்டே நாள் இருக்கையில் புல்லாங்குழலில் நீளவாக்கில் கீறல் விழுந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிச் சித்திரை வெயிலில் மூங்கில் ஈரம் இழந்து சுருங்குகிறது. அதன் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் அவ்வழியே பிளக்கிறது. காற்று கசிந்தால், துளைகளை மூடி வாசிக்கும் கீழ்ச்சுரங்கள்தான் முதலில் பிசிறும்.

தேன்மெழுகை உள்ளங்கைச் சூட்டில் இளக்கிக் கீறலில் அழுத்தித் தேய்த்து, மிகுந்ததை வழித்துவிட்டு, கீறலின் இரு முனைகளையும் சற்றுத் தாண்டி, விரல்துளைகளை மறைக்காமல், நைலான் நூலை நெருக்கமாக இறுக்கிச் சுற்றுங்கள். முடிச்சு விரலில் இடறும் என்பதால், நூல் நுனியைக் கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் செருகி இழுத்துவிடுவதே நல்லது. உடனே ஒட்டும் பசையை நான் பரிந்துரைப்பதில்லை, அது உள்ளே வழிந்து இறுகினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. கீறல் ஊதுதுளையைத் தொட்டிருந்தால் வேறு குழலை இரவல் வாங்குங்கள். பந்தலில் குழலை விளக்கருகே வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.