ஜாஸ் இசைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? மல்லிகை சென்ட் கதை உண்மையா?

உண்மை இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து விபசார விடுதிப் பெண்கள் பூசிய மல்லிகை (ஆங்கிலத்தில் 'ஜாஸ்மின்') சென்ட், ஜாஸ்போ என்ற வாத்தியக்காரர், அரட்டையடிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் 'ஜாஸே' என்று கதைகள் பல உண்டு. எதற்கும் அந்தக் காலத்து எழுத்துச் சான்று கிடையாது. இசை வளர்ந்தது நியூ ஆர்லியன்ஸில்தான். ஆனால் அங்கே வாசித்தவர்கள் அதை, அதற்கு முந்தைய ஒரு இசைவகையின் பெயரால், 'ராக்டைம்' என்றுதான் சொல்லிவந்தார்கள்.

சொல் முதலில் தலைகாட்டுவது கலிபோர்னியாவின் விளையாட்டுப் பக்கத்தில். பென் ஹெண்டர்சன் என்ற பேஸ்பால் வீச்சாளர், தன் புதுப் பந்து தள்ளாடி வரும், யாராலும் அடிக்க முடியாது, அதன் பெயர் 'ஜாஸ் பந்து' என்று பெருமையடித்ததை 1912 ஏப்ரல் 2 லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அச்சிட்டது. 1913 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ புல்லட்டின் நிருபர் ஸ்கூப் க்ளீசன், உள்ளூர் அணியின் பயிற்சி முகாமிலிருந்து எழுதிய செய்திகளில் இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். அங்கே பொருள் துடிப்பு, விறுவிறுப்பு. இசைக்குச் சம்பந்தமே இல்லை.

இசைக்கு ஒட்டியது சிகாகோவில். 1915 ஜூலையில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசைவகை பற்றிய கட்டுரையில் இந்தச் சொல்லைப் போட்டது. நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகையில் வருவது 1916 நவம்பரில்தான். 1917 பிப்ரவரியில் விக்டர் கம்பெனிக்கு இசைத்தட்டு பதிவுசெய்த 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' குழு, தன் பெயரில் இருந்த 'ஜாஸ்' என்ற சொல்லின் கடைசியில் இரண்டு 'எஸ்' போட்டது. அந்த ஆண்டே அதை இரண்டு 'இஸட்' ஆக்கிக்கொண்டது.

வேர்? 1860இலேயே அச்சில் இருக்கும் 'ஜாஸம்' (சுறுசுறுப்பு, வேகம்) என்பதற்குத்தான் என் ஓட்டு. அதன் உறவுச்சொல்லான 'ஜிஸம்' விந்தையும் குறிக்கும். இந்தப் பெயருக்கு ஆபாச முத்திரை விழ அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சொல் 1909இலேயே வந்துவிட்டது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஒரு நகைச்சுவை இசைத்தட்டை வைத்து அந்த ஆண்டைக் கொடுத்திருந்தது. ஆனால் இந்தச் சொல் வரும் வரி இருப்பது 1919இல் மறுபடி பதிவுசெய்த தட்டில்.

நீங்களே தேட நினைத்தால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' என்ற பழைய செய்தித்தாள் தளம் இலவசம். முடிவில் ஒரு எஸ், இரண்டு எஸ், ஒரு இஸட், இரண்டு இஸட் என நான்கு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். கிடைத்தால் பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். மங்கிய அச்சில் ஜேம்ஸ் என்ற ஆள்பெயரின் சுருக்கமான 'ஜாஸ்.' கூடக் கணினிக்கு இசையாகத் தெரியும்.