வேதாகமக் கேள்வி பதில்: முதலும் ஐந்தில் ஒரு பங்கும்

கேள்வி: ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் மாதாந்தரத் திருவிருந்துக்கு முந்தின இரவு என்னைச் சோதித்தறிய உட்காருகிறேன். ‘நான் மகா பாவி’ என்று அழுதுவிட்டு எழுந்திருக்கிறேன். திங்கட்கிழமை மாமியாரிடம் பழைய கடுகடுப்புதான். எங்கே தவறுகிறேன்?
– ஒரு சகோதரி, குன்னூர்

பதில்: அழுததில் தவறில்லை அம்மா. ஆனால் ‘மகா பாவி’ என்ற பெரிய சொல்லுக்குள் அன்றன்றைய பாவம் சுலபமாக ஒளிந்துகொள்ளும். ஒரு மாதத்தை ஒரே ராத்திரியில் நினைவுக்குக் கொண்டுவரவும் யாராலும் முடியாது. தினமும் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சங்கீதம் 139:23, 24-ஐ வாய்விட்டு வாசியுங்கள். ‘தேவனே, என்னை ஆராய்ந்து’ என்றுதான் அந்த ஜெபம் தொடங்குகிறது. ஆராய்கிறவர் அவர். நாமே நீதிபதியாக உட்கார்ந்தால் சாக்குச் சொல்வோம், இல்லாவிட்டால் மனம் ஒடிந்துபோவோம்.

பிறகு விடியற்காலையிலிருந்து அந்த நாளை நடந்து பாருங்கள். உறுத்துகிற ஒன்றை மட்டும் எடுத்து, நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். ‘கோபப்பட்டேன்’ என்பது போதாது. ‘குளிருக்கு வெந்நீர் கேட்ட அத்தை முன்னால் சொம்பை டங்கென்று வைத்தேன்’ என்று சொல்ல வேண்டும். ‘அவர்கள் மூன்று தரம் கேட்டதால்’ என்று ஒரு வால் முளைக்கும். அதை அங்கேயே நறுக்கிவிடுங்கள். எபிரெயத்தில் மனந்திரும்புதலுக்கு வழங்கும் ‘ஷூவ்’ என்ற சொல்லுக்குத் திரும்பி வருதல் என்று பொருள். ஆகையால் மறுநாள் அவர்கள் கேட்கும் முன்பே வெந்நீர் அவர்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று: 1 கொரிந்தியர் 11:28 சோதித்தறிந்து விலகி நிற்கச் சொல்லவில்லை, சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. திருவிருந்துப் பந்திக்கு வாருங்கள்.

கேள்வி: சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடை போட்டு எடுக்கிறேன். இலையின் ஈரத்துக்கான கழிவு என்று மூட்டைக்கு ஒரு கிலோ அதிகமாகக் கழித்து, அதை என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஜெபத்தில் தேவனிடம் அந்தப் பாவத்தை அறிக்கை செய்துவிட்டேன். போதாதா?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: போதாது ஐயா. எண்ணாகமம் 5:7 பாவத்தை அறிக்கையிடச் சொன்ன கையோடு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, இழந்தவனிடமே கொடுக்கச் சொல்கிறது. எடைச் சீட்டுகளை எடுத்து வைத்து ஆள்வாரியாகக் கணக்குப் போடுங்கள். ஒருவரிடம் வாரம் 6 மூட்டை, 50 வாரம் என்றால் 300 கிலோ. அன்றைய விலை கிலோ 15 ரூபாய் என்று வைத்தால் முதல் 4,500, ஐந்தில் ஒரு பங்கு 900, ஆக 5,400 ரூபாய். சீட்டு இல்லாத மாதங்களுக்கு உங்களுக்கு நஷ்டம் வருகிற பக்கமாகவே எண்ணுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணை சொல்லுங்கள். அவர் இறந்திருந்தால் அவருடைய உறவினருக்குக் கொடுங்கள். வாங்க உறவினரும் இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் என்கிறது அடுத்த வசனம். வாங்க ஆள் இருக்கும்போது அந்தப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு முடித்துவிடாதீர்கள்.

பலர் சறுக்குவது வாசலில் நிற்கும்போதுதான். ‘ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னியுங்கள்’ என்பது அறிக்கையே அல்ல. ‘உங்கள் இலையில் மூட்டைக்கு ஒரு கிலோ திருடினேன், இது அந்தப் பணம்’ என்று சொல்லுங்கள். உடனே மன்னிக்கும்படி நெருக்காதீர்கள். அவர் ஏசினால் நின்று கேளுங்கள். வேலையே போகலாம், அதையும் எண்ணிக்கொண்டு போங்கள். இந்தப் பணம் தேவனுடைய மன்னிப்புக்குக் கொடுக்கிற விலை ஆகாது. இயேசு வீட்டுக்குள் வந்த பிறகுதான், வரி வசூலிப்பவனான சகேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருவதாகச் சொன்னான்.

கேள்வி: அறிக்கை செய்து, சரிசெய்தும்விட்ட பழைய பாவம் இன்னும் குத்துகிறதே?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று 2 கொரிந்தியர் 7:10 இரண்டைப் பிரிக்கிறது. முதலாவது செய்ய வேண்டிய ஒன்றைக் காட்டி, செய்ததும் விலகும். இரண்டாவது எதையும் காட்டாமல் குத்திக்கொண்டே இருக்கும். அதே பாவத்தை மறுபடி அறிக்கையிடாதீர்கள். அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐச் சொல்லி நன்றி செலுத்துங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் ஆயரோடு மருத்துவரையும் பாருங்கள்.