ஒரு விவசாயிக்குப் பல வயல் என்றால் அந்நியச் சாவி எந்த அட்டவணையில் வரும்?

கேள்வி: இலங்கையின் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுத் தரவுத்தளம் செய்கிறேன். விவசாயி அட்டவணையில் வயல்1, வயல்2, வயல்3 என்று நிரல்கள் உண்டு. நாலு வயல் உள்ளவரை எப்படிப் பதிவது?

பதில்: அந்த மூன்று நிரல்களையும் எடுத்துவிடுங்கள். வயலுக்குத் தனி அட்டவணை, ஒரு வயலுக்கு ஒரு நிரை, அந்த நிரையில் விவசாயி எண் அந்நியச் சாவியாக, அதாவது விவசாயி அட்டவணையின் ஒரு நிரையைச் சுட்டும் எண்ணாக, இருக்கட்டும். சாவி எப்போதும் 'பல' பக்கத்தில்தான் வரும். ஒரு வயலுக்கு ஒரே விவசாயி என்றால் அங்கே ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு போதும். விவசாயி பக்கத்தில் '12,15,40' என்று காற்புள்ளி போட்டு எழுதினால், 15ஆம் வயலைத் தேட அட்டவணை முழுவதையும் வாசிக்க வேண்டும். இல்லாத வயல் எண்ணை எழுதினாலும் தரவுத்தளம் தடுக்காது.

ஆனால் ஒரு வயலுக்கு ஒரே விவசாயி என்பது உண்மையா? அதை முதலில் பாருங்கள். பெரும்போகத்தில் காணிக்காரரே செய்த வயலைச் சிறுபோகத்தில் வேறொருவர் குத்தகைக்குச் செய்வது நம் பக்கம் வழமை. வயல் நிரையில் விவசாயி எண்ணை மாற்றினால், போன போகத்து நெல்லும் புதியவர் கணக்கில் ஏறிவிடும். ஆகவே வயலுக்கும் விவசாயிக்கும் நடுவில் 'செய்கை' என்று ஓர் அட்டவணை வையுங்கள்: செய்கை எண், வயல் எண், விவசாயி எண், போகம். வயலுக்கும் போகத்துக்கும் சேர்த்து யுனிக் கட்டுப்பாடு (ஒரே சோடி இரண்டு தரம் வரக் கூடாது என்ற விதி) போடுங்கள். ஒரே போகத்தில் இருவர் பிரித்துச் செய்தால் விவசாயி எண்ணையும் அதில் சேர்க்க வேண்டும். கொள்வனவு நிரை வயலையோ விவசாயியையோ நேரே பிடிக்காமல் செய்கை எண்ணைப் பிடிக்கட்டும். பெரும்போகம் ஒரு வருடத்தில் விதைத்து அடுத்த வருடத்தில் வெட்டுவது. வருடத்தை ஒற்றை எண்ணாக வைக்காமல் '2024/25 பெரும்போகம்' என்று போக அட்டவணையில் ஒரு நிரையாக வைத்தால் குழப்பம் வராது.

அடையாள அட்டை இலக்கத்தை விவசாயி அட்டவணையின் முதன்மைச் சாவியாக்க, அதாவது ஒவ்வொரு நிரையையும் தனித்துக் காட்டும் எண்ணாக்க, வேண்டாம். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வரும் அட்டையில் 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டு விதமாகவும் பதிவாவார், அவரைச் சுட்டும் பிள்ளை நிரைகள் இரண்டாகப் பிரிந்துவிடும். தானாக ஏறும் எண்ணைச் சாவியாக்கி, அட்டை இலக்கத்தை 12 இலக்கத்துக்கு மாற்றி, யுனிக் நிரலாக வையுங்கள்.

அந்நியச் சாவி நிரலுக்கு 'நொட் நல்' (வெறுமையாக விடக் கூடாது என்ற விதி) கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் வெறுமையாக விட்ட நிரையும் சோதனையில் தேறிவிடும், யாருடையதென்று தெரியாத மூடைகள் சேரும். விவசாயியை அழிக்கும்போது 'கஸ்கேட்' (தாய் நிரையோடு பிள்ளை நிரைகளையும் அழிப்பது) வைத்தால் அவருடைய கொள்வனவுகளும் சத்தமில்லாமல் போய்விடும். அது காசுக் கணக்கு, அங்கே பிள்ளை நிரை இருக்கும்வரை அழிக்க விடாத 'ரெஸ்ட்ரிக்ட்'தான் சரி. ஒரு பற்றுச்சீட்டின் மூடை நிறைகள் போல, தாய் நிரை இல்லாமல் பொருளே இல்லாதவற்றுக்குக் 'கஸ்கேட்' பொருந்தும். அன்றைய கிலோ விலையைக் கொள்வனவு நிரையிலேயே எழுதுங்கள், விலை அட்டவணையை நம்பினால் பழைய பற்றுச்சீட்டுகளின் தொகை மாறும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் இன்னோடிபி என்ற சேமிப்புப் பகுதி அந்நியச் சாவிக்குத் தானே இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) போடும். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றைய தரவுத்தள மென்பொருள் போடாது, நீங்கள்தான் போட வேண்டும்.

அறிக்கை எழுதும்போது அதிகம் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு செய்கைக்கு 3 கொள்வனவும் 2 கொடுப்பனவும் இருக்க, மூன்று அட்டவணைகளையும் ஒன்றாக ஜொயின் பண்ணினால் (செய்கை எண் பொருந்தும் நிரைகளை இணைத்தால்) 6 நிரைகள் வரும். நெல் நிறை இரண்டு மடங்காகவும் கொடுத்த காசு மூன்று மடங்காகவும் கூட்டப்படும். ஒரே மதிப்பை ஒரு தரம் மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்க்ட்' போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஒரே நிறையுள்ள இரண்டு கொள்வனவுகள் ஒன்றாகிவிடும். இரண்டையும் செய்கை எண்படி தனித்தனியே கூட்டி எடுத்து, அந்த விடைகளைச் செய்கையோடு 'லெஃப்ட் ஜொயின்' (பொருத்தம் இல்லாவிட்டாலும் செய்கை நிரையை விடாத இணைப்பு) செய்யுங்கள். அப்போது இன்னும் காசு கொடுபடாத செய்கையும் அறிக்கையில் விடுபடாமல் வரும்.