வெப்சைட் தொடங்க அவசரகால சேமிப்பை எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 34. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாலையில் இரண்டு மணி நேரம் ஓய்வாகக் கிடைக்கிறது. வெப்சைட் ஆரம்பித்தால் தூங்கும்போதும் பணம் வரும் என்று ஒரு கோர்ஸ் விளம்பரம் பார்த்தேன். கோர்ஸோடு 50 கட்டுரைகள் ஏற்றிய 'ரெடிமேட்' வெப்சைட்டும் தருகிறார்களாம். மொத்தக் கட்டணம் என் மூன்று மாதச் சம்பளம். நடத்துபவர் தன் மாத வருமானத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறார். அவசரத்துக்கென்று ஆறு மாதச் செலவுப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து எடுக்கலாமா? தள்ளுபடி இன்னும் சில மணி நேரம்தான் என்று பக்கத்தின் மேலேயே கடிகாரம் ஓடுகிறது. எனக்கு இதில் எதுவும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எடுக்க வேண்டாம். அவசரகாலப் பணத்திலிருந்து ஒரு காசுகூட இதற்கு வேண்டாம். வெப்சைட்டில் சம்பாதிக்க முடியாது என்பதால் இதைச் சொல்லவில்லை. முடியும், சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் ஆரம்பத்தில் முதலாகப் போட வேண்டியது உங்கள் மாலை நேரம்தான். பணம் கொஞ்சம் போதும். உங்களிடம் கேட்பதோ நேர்மாறாக இருக்கிறது: பணத்தைக் கொட்டுங்கள், நேரத்தை நாங்கள் மிச்சப்படுத்தித் தருகிறோம் என்கிறார்கள்.

முதலில் அந்த ஸ்கிரீன்ஷாட். கம்ப்யூட்டரில் எந்த வலைப்பக்கத்தையும் திறந்து, ஓர் எண்ணின் மேல் ரைட் கிளிக் செய்து, 'இன்ஸ்பெக்ட்' என்பதை அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு கட்டம் திறக்கும். அதில் அந்த எண்ணை இரண்டு முறை கிளிக் செய்து, வேண்டிய எண்ணை அடித்து என்டர் தட்டுங்கள். 12 இருந்த இடத்தில் 12,000 வந்துவிடும். உங்கள் திரையில் மட்டும்தான் மாறும், உண்மையான கணக்கில் ஒன்றும் மாறாது. ஆனால் படம் எடுத்து அனுப்ப அது போதுமே! இவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் நீங்கள் வவுச்சர் இல்லாமல் ஒரு செலவைப் பாஸ் செய்வீர்களா? இங்கேயும் அதே கண்ணோடு பாருங்கள். எண் உண்மையாகவே இருந்தாலும், அது வரவு மட்டும்தான். அந்த வரவுக்காக விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழித்தார், அதில் வெப்சைட் தந்தது எவ்வளவு, கோர்ஸ் விற்றே வந்தது எவ்வளவு என்பதெல்லாம் படத்தில் இருக்காது.

அடுத்து ரெடிமேட் வெப்சைட். அதன் மாதிரிக் கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடிப் பாருங்கள். அதே வாக்கியம் பத்து இடங்களில் வந்தால் என்ன வாங்கப்போகிறீர்கள் என்று புரிந்துவிடும். தேடலில் மேலே வருவதற்காகவே மொத்தமாகத் தயாரித்துக் குவிக்கும் பக்கங்களை ஸ்பேம் என்று 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. எழுதியது மனிதரா மெஷினா என்பது அதில் பொருட்டே இல்லை. அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகும்? "எங்கள் அக்கவுண்டில்தான் இருக்கும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால், நீங்கள் வாங்குவது வீடல்ல, வாடகைக்கு ஓர் அறை.

டொமைன் விஷயத்தில் நானே கையைச் சுட்டுக்கொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஆசைக்கு ஒரு சின்ன வெப்சைட் வைத்திருந்தேன். பதிவு செய்தபோது கொடுத்த கார்டு காலாவதியானது. நினைவூட்டல் மெயில்கள் எல்லாம் நான் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் திறந்தால் என் பக்கம் இருந்த இடத்தில் யாருடைய விளம்பரமோ நிற்கிறது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அந்த நாட்களுக்குள் மீட்டுவிட்டேன், ஆனால் வருடக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு தண்டம் அழுதேன். ஊருக்கெல்லாம் 'கெடு தேதியைக் குறித்து வையுங்கள்' என்று சொல்லும் ஆள் நான்!

சரி, உண்மையில் எவ்வளவு செலவாகும்? டொமைனுக்கும், வெப்சைட்டை வைக்க இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங்குக்கும் ஒரு வருடக் கட்டணம், அவ்வளவுதான். வெப்சைட்டை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம். தளத்துக்கும் வாசகருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் அதைத் தாங்களே போட்டுவிடும். எந்தத் தேடலில் உங்கள் பக்கம் தெரிந்தது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலும் இலவசம். ஹோஸ்டிங் எடுக்கும்போது முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல், ரெனியூவல் விலை என்ன என்று பாருங்கள். பல இடங்களில் இரண்டாம் முறை விலை தாவிக் குதிக்கும். மூன்று வருடம் சேர்த்துக் கட்டினால் மலிவு என்பார்கள். மூன்று மாதம் தாண்டுமா என்றே தெரியாத முயற்சிக்கு மூன்று வருடம் கட்டாதீர்கள். இந்தச் செலவைச் சம்பளத்தில் மிஞ்சும் பணத்திலிருந்து செய்யுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கும் பொருந்தும். முழுதாகப் போனாலும் தூக்கம் கெடாத தொகை எதுவோ அதுதான் அளவு.

இப்போது வரவுப் பக்கத்துக்கு வருவோம். எல்லோர் மனதிலும் முதலில் வருவது, உங்கள் தளத்தில் பிறர் விளம்பரங்களைக் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ். விளம்பர வருவாயில் சுமார் 68 சதவீதம் தளத்தை நடத்துபவருக்கு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. எதில் 68 சதவீதம் என்பதுதான் விஷயம். ஆயிரம் பேஜ் வியூவுக்கு, அதாவது பக்கம் ஆயிரம் முறை திறக்கப்பட்டால், எவ்வளவு கிடைக்கும் என்பது தலைப்பு, மொழி, வாசகர் இருக்கும் நாடு இவற்றைப் பொறுத்துப் பெரிதாக மாறும். கணக்குக்காக உங்கள் பங்கு 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். புதுத் தளத்துக்கு ஒரு நாளைக்கு 100 பேஜ் வியூ வந்தாலே நல்ல தொடக்கம். மாதம் 3,000. ஆக, மாத வருமானம் 6 டாலர். ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். 100-ஐ 6-ஆல் வகுத்தால் முதல் பணம் வர 17 மாதம். அதுவும் முதல் நாளிலிருந்தே தினமும் 100 வந்தால்தான்.

இன்னொரு சின்னப் படியும் இருக்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், உங்கள் முகவரி உண்மைதானா என்று பார்க்க ஆறு இலக்க எண் ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். வந்து சேர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். அதை நான்கு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும். எனவே விண்ணப்பத்தில் முகவரியைத் தபால்காரர் கண்டுபிடிக்கும்படி முழுதாக எழுதுங்கள். உங்கள் தளத்து விளம்பரத்தை நீங்களே கிளிக் செய்வதோ, அண்ணன் தம்பி, ஆபீஸ் நண்பர்களை விட்டுச் செய்யச் சொல்வதோ கூடவே கூடாது. கணக்கை மூடிவிடுவார்கள், சேர்ந்த பணமும் போகும்.

இரண்டாவது வழி அஃபிலியேட். பிறர் பொருளைப் பற்றி எழுதி, இணைப்பு கொடுத்து, அதன் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன். அமேசானின் திட்டம் 1996-லிருந்து இருக்கிறது. சேர்ந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள் என்பதால், வாசகர் வரும் முன்பே அவசரப்பட்டுச் சேர வேண்டாம். அதைவிட முக்கியம், கமிஷன் விகிதம் உங்கள் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் ஃபர்னிச்சர் பிரிவின் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அதை மட்டுமே நம்பி எழுதிக்கொண்டிருந்தவரின் நிலையை யோசியுங்கள். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை, வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. முழுப் பணத்தையும் ஒரே பங்கில் போடாதீர்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வோமே, அது இங்கேயும் அப்படியே செல்லும்.

மூன்றாவது வழியை விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. உங்களுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன்: சொந்தமாக ஒன்றை விற்பது. உங்கள் கடிதத்தில் 'எனக்கு எதுவும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நாலைந்து வரி மேலே கணக்குப் பிரிவில் வேலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எக்ஸெல்லில் வரவு செலவுத் தாள் போடத் தெரியாமல், பில்லுக்கும் இருப்புக்கும் ஒத்துவராமல், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் திண்டாடும் சிறுதொழில்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் உங்களிடம் அடிக்கடி வந்து கேட்கும் சந்தேகம் எது? அதுதான் உங்கள் முதல் பக்கம்.

கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேர் ஒரு பக்கத்தைப் படிக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். விளம்பரம் என்றால் மேலே சொன்ன 2 டாலர். 40 டாலர் பொருளுக்கு 5 சதவீதக் கமிஷன் என்றால் இருவருக்கும் சேர்த்து 4 டாலர். நீங்களே செய்த எக்ஸெல் டெம்ப்ளேட் ஒன்றை 5 டாலருக்கு விற்றால், பணம் வாங்கித் தரும் சேவையின் கட்டணம் போக, ஏறக்குறைய 9 டாலர். வாசகர் எண்ணிக்கை அதேதான். அந்த இருவரில் ஒருவர் "எங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டு மெயில் அனுப்பினால், அந்த ஒரு வேலைக்கு வரும் பணம் இந்த மூன்றையும் தாண்டிவிடும். புதிதாகத் தொடங்குபவரின் முதல் நல்ல வருமானம் பெரும்பாலும் இந்த மாதிரி மெயிலில்தான் வரும். அது தூங்கும்போது வரும் பணம் அல்ல, விழித்திருந்து செய்ய வேண்டிய வேலை. இருந்தாலும் வெப்சைட் அந்த வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்த்ததே, அதுதானே அதன் வேலை.

என் பழைய தளத்திலும் இப்படித்தான். முதலீடு பற்றி நாற்பது கட்டுரை எழுதியிருப்பேன். பாதிக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை பொழுதுபோகாமல் செய்து வைத்த கூட்டு வட்டி கால்குலேட்டருக்கு மட்டும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அறிவுரையைவிட, கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு பொருளுக்கு மதிப்பு அதிகம் என்பது எனக்குக் கொஞ்சம் வலித்தாலும் உண்மை.

உங்கள் நேரத்துக்கும் ஒரு கணக்கு எழுதுங்கள். வாரம் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 520 மணி நேரம். அதே நேரத்தில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதுதான் இந்த முயற்சியின் உண்மையான விலை. முதல் ஆறு மாதம் வருமானத்தைப் பார்க்காதீர்கள், பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் இருக்கும். சர்ச் கன்சோலில், நீங்கள் எழுதிய விஷயத்தைத் தேடுபவர்கள் கண்ணில் உங்கள் பக்கம் மாதாமாதம் அதிகமாகப் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் தொடரலாம். ஒரு வருடம் கழித்தும் படுத்தே கிடந்தால் தலைப்பை மாற்றுங்கள், அல்லது ரெனியூவல் கட்டாமல் விட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தளத்துக்கு வருபவர்களின் ஈமெயில் முகவரியை, அவர்கள் விரும்பிக் கொடுத்தால், முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். கூகுள் விதி மாறலாம், கமிஷன் குறையலாம், அந்தப் பட்டியல் உங்களுடையது. வரவு செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சிறிய வருமானமானாலும் வரிக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும், வெளிநாட்டிலிருந்து வந்தாலும்தான். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலையை விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அடுத்த கடிதத்தில் கேட்பதாக இருந்தால், வெப்சைட் வருமானம் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் உங்கள் மாதச் செலவைத் தாண்டிய பிறகு எழுதுங்கள்.

தள்ளுபடிக் கடிகாரம் பற்றி ஒன்று. நீங்கள் முன்பு வந்தது பக்கத்துக்குத் தெரியாதபடி திறக்கும் பிரவுசரின் இன்காக்னிட்டோ விண்டோவில் அதே பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பல பக்கங்களில் அந்தக் கடிகாரம் அங்கே முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும்.