14 மி.மீ. லென்ஸோடு ஒரு நாள் சென்னை: கேள்வி பதில்

விடியலில் மெரினா, காலையில் மயிலாப்பூர், மதியம் அண்ணா சாலை, இருட்டியதும் சென்ட்ரல் ரயில் நிலையம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (படம் பதியும் சென்சார் பெரிதாக இருப்பது) மிக அகலமாகப் பார்க்கும் 14 மி.மீ. அல்ட்ரா வைடு லென்ஸ் மட்டும் மாட்டிக்கொண்டு சுற்றி எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். லென்ஸும் வெளிச்சமும் என் துறை. கேமரா கம்பெனிகளுக்குள் எது பெரியது என்ற கேள்விகளை விட்டுவிடுகிறேன்.

தாம்பரம்: நெரிசலான ஊரில் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கத்தானே அல்ட்ரா வைடு? உங்கள் படங்களில் ஏதாவது ஒரு பொருள்தான் முன்னால் பெரிதாக நிற்கிறது. ஏன் சார்?

அடக்குவதற்காக இந்த லென்ஸை வாங்கினால் ஒரே மாதத்தில் விற்றுவிடுவீர்கள். 14 மி.மீ. இடவலமாக 104 டிகிரி பார்க்கிறது. கடற்கரையில் நின்று அப்படியே எடுத்தால் எல்லாம் உள்ளே வரும், எதுவும் கண்ணில் நிற்காது. அலை ஒரு கோடு, படகு ஒரு புள்ளி, மீதியெல்லாம் வெறும் வானமும் மணலும்.

இந்த லென்ஸ் கிட்டே போவதற்கானது. நொச்சிக்குப்பம் பக்கம் கரையேற்றி வைத்திருந்த ஃபைபர் படகின் முனைக்கு ஒரு அடி தூரத்தில் லென்ஸை வைத்தேன். நைலான் கயிற்றின் முடிச்சு, அதில் ஒட்டிக் காய்ந்திருந்த மீன் செதில், பெயின்ட் உரிந்த இடத்தில் தெரிந்த நார், எல்லாம் துல்லியமாக வந்தன. பின்னால் கலங்கரை விளக்கம் விரல் உயரத்தில் நிற்கிறது. ஒளி நுழையும் துவாரத்தை (அபர்ச்சர்) f/11 அளவுக்குச் சுருக்கி வைத்து 60 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால், இந்த லென்ஸில் 30 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். 50 மி.மீ. லென்ஸில் நடக்காத காரியம் இது. முன்னால் நிற்கும் பொருளை முதலில் முடிவு செய்யுங்கள், ஊர் தானாகப் பின்னால் வந்து நிற்கும்.

திருச்சி: நான் எடுக்கும் கோபுரமெல்லாம் பின்னால் சாய்ந்து விழுகிறது. உங்கள் கபாலீஸ்வரர் கோவில் படத்தில் நேராக நிற்கிறதே, லைட்ரூம் மென்பொருளில் சரி செய்ததா?

இல்லை. கேமராவை அண்ணாந்து பிடித்தால்தான் கோபுரம் சாயும். சென்சார் தரைக்குச் செங்குத்தாக இருக்கும்வரை, செங்குத்தான கோடு செங்குத்தாகவே வரும். அதனால் இன்று பலமுறை சொல்லப்போகும் ஒரே விஷயம்: கேமராவை மட்டமாக வையுங்கள். திரையில் மட்டம் காட்டும் கோடு பல கேமராக்களில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மட்டமாக வைத்தால் உச்சி வெட்டுப்படுமே என்பீர்கள். அதற்கு ஒரு கணக்கு. மட்டம் மாறாமல், படம் நெட்டையாக வரும்படி கேமராவைத் திருப்பிப் பிடித்தால், 14 மி.மீ. லென்ஸில், நீங்கள் தள்ளி நிற்கும் ஒவ்வொரு அடிக்கும் லென்ஸுக்கு மேலே சுமார் 1.28 அடி உயரம் உள்ளே வரும். கபாலீஸ்வரர் கோவில் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 120 அடி. லென்ஸ் 5 அடி உயரத்தில் இருந்தால் மீதி 115 அடி. 90 அடி தள்ளி நின்றால் கலசம் ஃப்ரேமின் விளிம்பைத் தொடும், இன்னும் பத்து அடி பின்னால் போனால் வானத்துக்கும் இடம் கிடைக்கும். இதையே 24 மி.மீ. லென்ஸில் செய்ய 150 அடிக்கு மேல் பின்வாங்க வேண்டும். அவ்வளவு தூரம் போனால் வயரும் வண்டியும் குறுக்கே வரும்.

ஆனால் ஒரு விலை உண்டு. மேலே எவ்வளவு வருகிறதோ, கீழேயும் அவ்வளவு வரும். உங்கள் காலிலிருந்து நாலடி தள்ளியிருக்கும் தரையிலிருந்து படம் தொடங்கும். பாதிப் படம் தார் ரோடு. அதை வெட்டி எறியலாம், நவீன கேமராக்களில் வெட்டியது போக மிஞ்சுவதே போதும். நான் வெட்டவில்லை. சன்னதித் தெருவில் ஒரு அம்மா ஈரச் சாக்கை விரித்துச் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் கொட்டி வைத்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு, சாக்கின் ஓரம் படத்தின் கீழ் விளிம்பாக வரும்படி நின்றேன். பூவிலிருந்து கலசம் வரை ஒரே படம். கோபுரம் கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெயில் சுதைச் சிற்பங்கள் மேல் நேராக விழும். ஒன்பது மணிக்கு மேல் போகாதீர்கள், நிழல் கெட்டுவிடும்.

ஆவடி: போனில் இருக்கும் 0.5 வைடு லென்ஸ் போதாதா?

பகலில் தாராளமாகப் போதும். பெரும்பாலான போன்களில் அது 13 மி.மீ.க்குச் சமம். சென்சார் சின்னது என்பதால் இருட்டினால் திணறும். சில போன்களில் அந்த லென்ஸுக்கு ஃபோகஸ் மாற்றும் வசதியே கிடையாது, கிட்டே போனால் மங்கும். வாங்கும் முன் அதை மட்டும் பாருங்கள். மட்டமாகப் பிடிக்கும் விதி போனுக்கும் உண்டு.

விருதுநகர்: கிராப் சென்சார் கேமரா (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) வைத்திருக்கிறேன். குறைந்த விலையில் எந்த லென்ஸ்?

கேனான் என்றால் 10-18 மி.மீ., நிக்கான் என்றால் டிஎக்ஸ் 10-20 மி.மீ. இரண்டுமே கால் கிலோவுக்குள், இரண்டிலும் நடுக்கம் தடுக்கும் வசதி உண்டு. செகண்ட் ஹேண்டில் நன்றாகவே கிடைக்கும். மட்டத்தில் கவனம் வையுங்கள், லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.

கோவை: வைடு லென்ஸ் முகத்தைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த விஷயம். மூக்கு பெரிதாகும், காது மறையும். நீங்களோ மக்களையும் இதிலேயே எடுக்கிறீர்கள். லென்ஸின் குறையை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. இரண்டு வேறு விஷயங்கள் இதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

மூக்கு பெரிதாவது லென்ஸால் அல்ல, தூரத்தால். ஒரு அடி தூரத்தில் நின்றால் மூக்கு லென்ஸுக்குப் பக்கம், காது அதைவிட அரை அடி தள்ளி. அந்த வித்தியாசம்தான் படத்தில் தெரிகிறது. எந்த லென்ஸ் போட்டாலும் அந்த இடத்தில் நின்றால் அதே மூக்குதான்.

மீண்டும் கோவை: ஒப்புக்கொள்ள முடியவில்லை. 16 மி.மீ.யிலும் 50 மி.மீ.யிலும் என் தம்பியை எடுத்துப் பார்த்துவிட்டேன். முகம் இரண்டிலும் ஒரே அளவு, ஆனால் 16-இல் மூக்கு வீங்கியிருக்கிறது.

முகம் ஒரே அளவில் வர 16 மி.மீ.க்கு நீங்கள் முன்னால் நடந்து போயிருப்பீர்கள். மாறியது லென்ஸ் மட்டுமல்ல, நீங்கள் நின்ற இடமும். நகராமல் ஒரே இடத்தில் நின்று இரண்டிலும் எடுங்கள். தம்பி ஃப்ரேமின் நடுவில் இருக்கட்டும். பிறகு 16 மி.மீ. படத்தின் நடுப்பகுதியை வெட்டி, 50 மி.மீ. படத்தின் அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வையுங்கள். துல்லியம் குறையும், மூக்கு மாறாது.

சேலம்: அப்படியானால் படத்தின் ஓரத்தில் நிற்பவர் ஏன் குண்டாகிறார்? அவர் தள்ளித்தானே நிற்கிறார்? கோவை நண்பர் சொல்வதுதான் சரி.

அதுதான் நான் சொன்ன இரண்டாவது விஷயம், அதில் உங்கள் இருவருடனும் எனக்கு முழுச் சம்மதம். நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்திருக்க, இந்த லென்ஸ் உலகத்தைத் தட்டையான ஒரு பரப்பில் விரிக்கிறது. விளிம்பை நோக்கிப் போகப் போகப் பொருள் வெளிப்பக்கமாக இழுபடும். உருண்டையான தலை 24 மி.மீ.யின் பக்க விளிம்பில் உயரத்தைவிட 1.25 மடங்கு அகலமாகும், 14 மி.மீ.யில் 1.6 மடங்கு. கட்டடத்தின் சுவர் தட்டையானது, அதனால் அதில் இது தெரிவதில்லை. தலையும் வண்டிச் சக்கரமும் தூணும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை லென்ஸின் குறை என்று சொல்ல மாட்டேன். படத்தைப் பார்க்கும் தூரமும் இதில் சேர்த்தி. 14 மி.மீ. படத்தை 36 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு, நடுவுக்கு நேராக 14 அங்குலத் தூரத்தில் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஓரத்துத் தலை உருண்டையாகிவிடும். போன் திரையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்பதால், என் விதி எளிது: ஓரத்தில் மனிதர்களை வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணம்: கலியாண வீட்டில் இடம் காணாது அண்ணா. குரூப் போட்டோவை 16 மி.மீ.யில் எடுக்கலாமோ?

வேண்டாம் தம்பி. ஓரத்தில் நிற்கும் மாமிமார் ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டார்கள். கதவைத் திறந்து வெளியே போய் நின்று 35 மி.மீ.யில் எடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் எல்லோரையும் நடுவில் நெருக்கி, இரண்டு மூன்று வரிசையாக நிறுத்துங்கள். ஓரத்தில் சுவர் மட்டும் இருக்கட்டும்.

கோவை, மூன்றாம் முறை: வெட்டிப் பார்த்தேன். மூக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இந்த லென்ஸ் இருந்தால் கிட்டே போகத் தூண்டுகிறதே, அப்போது லென்ஸும் காரணம்தானே?

அந்த அர்த்தத்தில் ஆமாம். செய்து பார்த்ததற்கு நன்றி. கிட்டே போக வைப்பதுதான் இதன் பலம். முகத்துக்கு மூன்றடிக்குள் போகாமல், படகுக்கும் பூவுக்கும் படிக்கட்டுக்கும் போங்கள்.

ஈரோடு: எல்ஐசி கட்டடம் எடுத்தால் சாய்கிறது. என்ன செய்ய?

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள். 177 அடிக் கட்டடம், அதே கணக்குப்படி 135 அடி தள்ளி நிற்க வேண்டும். அண்ணா சாலையின் எதிர்ப்புறம் போங்கள். கேமரா மட்டம்.

கரூர்: வானம் நீலமாக வர போலரைசர் ஃபில்டர் போடலாமா?

இந்த லென்ஸில் வேண்டாம். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியிருக்கும் பகுதியில்தான் அது நன்றாக வேலை செய்யும். உங்கள் படத்தில் 104 டிகிரி வானம் இருக்கிறது. ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளுப்பு என்று பட்டை விழும். 14 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றில் முன் கண்ணாடி புடைத்திருப்பதால் ஃபில்டரே மாட்ட முடியாது. கடற்கரையில் உப்புத் துளி பட்டால், முதலில் ஊதி மணலை அகற்றிவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள்.

நாமக்கல்: எந்த லென்ஸ் வாங்கலாம்?

விருதுநகருக்குச் சொன்னதுதான்.

புதுச்சேரி: தெருவில் நிற்பவர்களுக்குத் தாங்கள் படத்தில் இருப்பதே தெரியாதே? லென்ஸ் வேறு பக்கம் பார்க்கிறது என்று நினைப்பார்கள்.

உண்மை, இதை எல்லோரும் யோசிக்க வேண்டும். லென்ஸ் நோக்கும் திசையிலிருந்து 50 டிகிரி விலகி நிற்பவர்கூட உள்ளே வந்துவிடுகிறார், தெரியாமல் ஒருவரை ஓரத்தில் இழுத்து உருமாற்றுகிறோம். ஓரத்தில் அடையாளம் தெரியும் முகம் வந்தால் திரையைக் காட்டிச் சம்மதம் கேட்கிறேன். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிடுகிறேன். சன்னதிக்குள் கேமராவைத் தூக்கவே தூக்காதீர்கள்.

திருநெல்வேலி: கோபுரம் சாயாமல் எடுப்பது எப்படி?

கேமராவை மட்டமாக வையுங்கள்.

வேலூர்: ராத்திரி சென்ட்ரல் படம் டிரைபாட் இல்லாமல் எடுத்ததா? விளக்குகளில் நட்சத்திரம் எப்படி வந்தது?

டிரைபாட் இல்லை. 14 மி.மீ.யில் கை நடுக்கம் குறைவாகத்தான் தெரியும், 1/15 நொடி வரை தாங்கும். எதிர்ச் சுவரில் சாய்ந்து, மூச்சை விட்டுவிட்டு அழுத்தினேன். மணிக்கூண்டும் சிவப்புச் சுவரும் கூர்மையாக இருக்க, முன்னால் போன மாநகரப் பேருந்து கோடாக இழுபட்டிருப்பது அந்த 1/15 நொடியால்தான்.

நட்சத்திரம், லென்ஸின் துவாரத்தைச் சுருக்கும் அபர்ச்சர் இதழ்களால் வருவது. f/11க்கு மேல் சுருக்கினால் நன்றாகத் தெரியும். இதழ்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் அதே எண்ணிக்கையில் கதிர்கள், ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. என் லென்ஸில் 9 இதழ், அதனால் 18 கதிர். f/16ஐத் தாண்டாதீர்கள், படம் முழுக்க மென்மையாகிவிடும். முழுக்க இருட்டியபின் எடுப்பதைவிட, சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து, வானத்தில் கொஞ்சம் நீலம் இருக்கும்போதே நின்றுகொள்ளுங்கள்.